பதினொன்றரை மணிக்கு வராத ரசிகர்

வெள்ளிக்கிழமை வெளியான ஒரு சிறிய படம் திங்கட்கிழமை தூக்கப்படும்போது தமிழ்த் திரையுலகில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது: நல்ல படமாக இருந்தால் ஓடியிருக்கும். திரையரங்கு உரிமையாளர் சொல்கிறார், விநியோகஸ்தர் சொல்கிறார், யூடியூப் விமர்சகர் சொல்கிறார். சில வேளை படத்தை எடுத்தவரே மனம் உடைந்து அதற்குத் தலையாட்டிவிடுகிறார். கேட்பதற்கு இது மக்களை மதிக்கும் பேச்சு போலத்தான் இருக்கிறது. ரசிகரே எஜமானர், அவர் கேட்பதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர்தான் விநியோகஸ்தர் என்று அது நம்மை நம்பச் சொல்கிறது. நான் மறுப்பது இதைத்தான். ஒரு படத்தை ரசிகர் நிராகரித்தார் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அது அவர் பார்க்கக்கூடிய இடத்தில், பார்க்கக்கூடிய நேரத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான சுயாதீனப் படங்களின் கதி முதல் டிக்கெட் கிழிபடும் முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை தியேட்டர், எந்தக் காட்சி, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளில் அது அடங்கிவிடுகிறது. மூன்றிலும் ரசிகருக்கு வாக்கு இல்லை.

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டை எடுத்துக்கொள்வோம். 2022இல் தொல்லியல் துறை அங்கே தோண்டிக் கற்காலக் கருவிகளையும் ரோமானியச் சாடித் துண்டுகளையும் எடுத்தபோது ஊர்ப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. இன்று அந்த வட்டாரத்தின் நாடித்துடிப்பு ஷிஃப்ட் சைரன்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைச் சுற்றி எல்லாம் உற்பத்தியாகின்றன. பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் அத்தனை இளம்பெண்கள்! மேலும் சுற்றுக் கிராமங்களில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் டிரெய்னிகள், காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இவர்களில் ஏராளம். மாதச் சம்பளம் வருகிறது, சினிமா பார்க்கும் வயது, கையில் போன், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. சினிமா வியாபாரத்துக்கு இதைவிட நல்ல ரசிகர் கூட்டம் வேறெங்கே இருக்கிறது?

இவர்களுக்குச் சிறிய படம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்கலாம். விநியோக பலம் இல்லாத படத்துக்குப் புறநகர் தியேட்டர்களில் பெரும்பாலும் கிடைப்பது காலை 11.30 மணிக் காட்சி. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறியிருப்பார். பதினொன்றரைக்கு அவர் அசெம்பிளி லைனில் நிற்கிறார். ஜெனரல் ஷிஃப்டுக்காரரும் உள்ளேதான். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர் அந்தக் காட்சிக்குள் நுழைந்தால் இடைவேளை முடிந்த கையோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்தவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். ஆக, அந்த வட்டாரத்தின் உழைக்கும் மனிதர் எவருக்குமே பொருந்தாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதில் படத்தைப் போடுகிறார்கள். மாலை 6.30 காட்சியும் இரவுக் காட்சியும் நட்சத்திரப் படத்துக்கு. விடுதிப் பெண்ணுக்கோ இரவுக் காட்சியும் எட்டாக்கனி. விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு, திரும்பி வர பஸ்ஸும் வேண்டும். அவருக்குத் தோதான ஒரே காட்சி மாலைக் காட்சி. அதில் அந்தப் படம் இல்லை. இதற்குப் பிறகு மாலையில் தியேட்டர் அலுவலகத்தில் டி.சி.ஆர். எனும் தினசரி வசூல் தாள் எழுதப்படுகிறது. காலைக் காட்சிக் கட்டத்தில் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் ஓர் எண். அந்த எண்ணை விநியோகஸ்தர் தரப்புக்குப் போனில் சொல்கிறார்கள். திங்கட்கிழமை படம் இல்லை. அந்த எண்ணுக்குத்தான் நாம் ரசிகர் தீர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்தக் காட்சி நேரத்தை யார் கொடுத்தது? தமிழ் சினிமா வியாபாரத்தின் வரைபடத்தில் மாவட்டங்கள் கிடையாது, ஏரியாக்கள் உண்டு. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், நெல்லை–கன்னியாகுமரி என்று போகும் அந்தப் பிரிவினை. அரசாங்கக் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் வடக்குப்பட்டு, சினிமாக் கணக்கில் செங்கல்பட்டு ஏரியா. ஒரு காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டின் மீரான் சாகிப் தெருவில் உட்கார்ந்திருந்த விநியோகஸ்தர், ஏரியா உரிமையை முழு விலைக்கு அவுட்ரைட்டாகவோ, எம்.ஜி. எனும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்தோ வாங்குவார். படம் விழுந்தால் அவர் வீடும் சேர்ந்து விழும். அதனால் அவருடைய கணிப்புக்கு ஒரு விலை இருந்தது. இன்று பெரும்பாலான சிறிய படங்கள் கமிஷன் அடிப்படையில்தான் வெளியாகின்றன. விளம்பரச் செலவு, டிஜிட்டல் திரையிடல் கட்டணம் எல்லாம் தயாரிப்பாளர் தலையில். வசூலில் முதலில் கமிஷன் கழிகிறது, மிஞ்சியதுதான் தயாரிப்பாளருக்கு. எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று பேசி முடிக்கும் அதிகாரம் மட்டும் விநியோகஸ்தரிடமே இருக்கிறது. நஷ்டத்தில் பங்கில்லாதவர் கையில் முழு அதிகாரம் என்பது பழைய ஏற்பாட்டிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. விநியோகஸ்தரின் வியாபார அனுபவத்தைப் போற்றுகிறவர்கள் இந்த மாற்றத்தைப் பேசுவதே இல்லை.

பணத்தைப் பணயம் வைத்த பழைய விநியோகஸ்தர்களின் கணிப்பாவது சரியாக இருந்ததா என்றால், தமிழ் சினிமாவின் சரித்திரம் இல்லை என்கிறது. 1977இல் ‘16 வயதினிலே’ முடிந்து தயாராக இருந்தபோது வாங்க ஆளில்லை, தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட வேண்டியிருந்தது. அந்தப் படம் வெள்ளிவிழா ஓடியதும் தமிழ்ப் படம் எடுக்கும் முறையையே மாற்றியதும் ஊரறிந்த கதை. 1999இல் ‘சேது’. பிரிவியூ மேல் பிரிவியூ போட்டும், சோகமான முடிவு என்று சொல்லி விநியோகஸ்தர்கள் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அது பகல் காட்சியாகத்தான் கண் திறந்தது. பார்த்தவர்கள் வெளியே வந்து பேசினார்கள், காட்சிகள் கூடின, நூறு நாள் ஓடியது, தேசிய விருதும் வந்தது. இதையே எதிர்த்தரப்பினர் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவார்கள்: பார்த்தீர்களா, பகல் காட்சியில் தொடங்கினாலும் நல்ல படம் ஓடுகிறதே என்று. அந்த வெற்றியில் அவர்கள் காணத் தவறுவது நாட்களை. வாய்மொழி பரவ வாரங்கள் வேண்டும். ஒரு படத்தைப் பார்த்தவர் டீக்கடையில் சொல்லி, அதைக் கேட்டவர் அடுத்த ஓய்வு நாளில் போக வேண்டும். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு அந்த ஓய்வு நாள் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. 1999இல் அந்த வாரம் ‘சேது’வுக்குக் கிடைத்தது. இன்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது. இன்னொரு ‘சேது’ வந்தால் அதன் பெயர் காதில் விழும் முன்பே போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டப்பட்டிருக்கும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அதுவே முதல் முறை. அதே ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் பின்னால் நின்ற படம். அப்படியிருந்தும் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது வெளியாகவில்லை. 2023 அக்டோபர் 27இல் சோனி லிவ் தளத்தில் வந்தது. விருதுக்கும் அதற்கும் இடையில் இரண்டு ஆண்டு எட்டு மாதம். மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் ஒரு தகப்பனும் மகனும் நடக்கும் கதையை நெதர்லாந்துக்காரர் முதலிலேயே பார்த்துவிட்டார், மதுரைக்காரர் தியேட்டரில் பார்க்கவே இல்லை. வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, சிவகார்த்திகேயன் தயாரிப்பில், சூரி நடிப்பில் 2024 ஆகஸ்ட் 23இல் திரையரங்குக்கு வந்தது. அன்றைக்கே மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. ‘வாழை’ பெருவெற்றி பெற்றதும், விழாப் படத்தைத் தியேட்டரில் போட்டதே தவறு என்ற குரல் திரையுலகுக்குள்ளிருந்தே கேட்டது. இந்தக் குரல்தான் என்னை மிகவும் வருத்துகிறது. விழாப் படம் என்று ஒரு தனி ஜாதி கிடையாது. ஒரு படத்துக்குத் தியேட்டர் கதவு அடைக்கப்பட்டு விழாக்கள் மட்டுமே மிஞ்சும்போது, அந்தப் பெயரைப் பிறகு ஒட்டுகிறோம். ‘காக்கா முட்டை’ டொரோண்டோ விழாவிலும் ‘விசாரணை’ வெனிஸ் விழாவிலும் முதலில் காட்டப்பட்டவை. இரண்டையும் தமிழர்கள் காசு கொடுத்துத் தியேட்டரில் பார்த்தார்கள். அவற்றை ஏன் யாரும் விழாப் படம் என்று ஒதுக்கவில்லை? முதலாவதை ஃபாக்ஸ் ஸ்டாரும் இரண்டாவதை லைக்காவும் வெளியிட்டன என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் அகப்படவில்லை.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 2018 செப்டம்பர் 28இல், மணிரத்னத்தின் ‘செக்கச்சிவந்த வானம்’ வந்த மறுநாளே, ‘பரியேறும் பெருமாள்’ வந்து வென்றது. 2024இல் ‘லப்பர் பந்து’ வென்றது. 2025 மே 1இல் சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை ஒரு புதுமுக இயக்குநர் எடுத்திருந்தார், அது வாரக் கணக்கில் ஓடியது. ஆகவே வழி திறந்துதானே இருக்கிறது என்பார்கள். இவை என் வாதத்துக்கே சாட்சி. ‘பரியேறும் பெருமாள்’ பின்னால் பா. ரஞ்சித்தின் பெயர் இருந்தது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் இருந்தார்கள், வெளியீட்டுக்கு முன்பே பேச்சு கிளம்பியிருந்தது. தாக்குப்பிடிக்கும் அளவு காட்சிகளும் நாட்களும் அவற்றுக்குக் கிடைத்தன. காட்சியும் நாளும் கிடைத்தால் நம் ரசிகர் பெரிய நட்சத்திரமில்லாத கதைக்கும் வருவார் என்பதைத்தான் அவை நிரூபித்தன. அப்படிக் காட்சி கிடைக்காத படங்களைப் பற்றி அவை எதையும் நிரூபிக்கவில்லை. ஆற்றைக் கடந்து கரையேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஆற்றில் ஆழமில்லை என்று சொல்லக் கூடாது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டிலும், செழியனின் ‘டு லெட்’ தேசிய விருது வாங்கிய பிறகு 2019 பிப்ரவரியிலும் வந்து போயின. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ ராட்டர்டாமில் பாராட்டு வாங்கியும் இங்கே முறையான திரையரங்கு வெளியீட்டைக் காணவில்லை. இந்தப் பட்டியலை யார் எண்ணுகிறார்கள்?

தியேட்டர் உரிமையாளரின் கஷ்டத்தை மறந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். கரண்ட் பில், ஆள் சம்பளம், உள்ளாட்சிக் கேளிக்கை வரி, ஜி.எஸ்.டி. என்று அவருக்கும் நெருக்கடி. நட்சத்திரப் படத்துக்கு முதல் வார வசூலில் 70 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கொடுத்தாக வேண்டும். 2023இல் ‘லியோ’வுக்கு 80 விழுக்காடு கேட்கப்பட்டதைத் திரையரங்கு உரிமையாளர்கள் தரப்பே வெளிப்படையாகப் பேசியது. அவ்வளவு கொடுத்த பிறகு அவர் அந்தப் படத்தை எல்லாக் காட்சியிலும் ஓட்டித்தான் மிச்சம் பார்க்க முடியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய படம் கொடுக்கப்போகிறவரை இப்போது பகைத்துக்கொள்ளவும் முடியாது. எழுதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. அடுத்த படம் என்ற எதிர்பார்ப்பே போதும், ஒரு சிறிய படத்தின் மாலைக் காட்சி தானாகக் கைமாறிவிடும். அப்படியென்றால், அவர் காட்சியை ஒதுக்குவது ரசிகரின் விருப்பத்தைப் பார்த்து என்ற வாதம் எங்கே நிற்கிறது? தியேட்டர்காரரின் நிர்ப்பந்தத்தை விவரிக்க விவரிக்க, முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது என்பதே உறுதியாகிறது. சிறிய படம் கொடுக்கும் இன்னொரு தண்டமும் உண்டு: டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணம். ஃபிலிம் புரொஜெக்டரை டிஜிட்டலாக மாற்றிய செலவை ஈடுகட்ட வந்த ஏற்பாடு அது. கூட்டம் நிறைந்து வழியும் படத்துக்கும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் படத்துக்கும் அது ஏறக்குறைய ஒரே சுமை. இதை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஏழு வாரம் போல தமிழில் புதுப்படமே வராமல் தயாரிப்பாளர்கள் நிறுத்திவைத்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் வெளியிட்ட திரைப்பட விநியோக ஆய்வும் இந்தக் கட்டணத்தையும், வசூல் கணக்கில் வெளிப்படைத்தன்மை இல்லாததையும் சுட்டிக்காட்டியது. டி.சி.ஆர். தாளில் இருக்கும் எண்ணே சரிதானா என்று தயாரிப்பாளர் சரிபார்க்க வழியில்லாத ஒரு தொழிலில், அந்த எண்ணை வைத்து ரசிகரின் மனத்தை அளக்கிறோம்.

அதுதான் ஓ.டி.டி. இருக்கிறதே என்ற பதில் 2020இல் நம்பிக்கை தந்தது. அது வந்த வேகத்தில் தேய்ந்தது. தளங்கள் இப்போது தியேட்டர் வசூலைப் பார்த்துத்தான் விலை பேசுகின்றன. தியேட்டரில் மூன்று நாளில் தூக்கப்பட்ட படத்துக்கு அங்கேயும் கதவு பாதிதான் திறக்கிறது. பதினொன்றரை மணிக் காட்சியின் தீர்ப்பு அங்கே மேல்முறையீடு இல்லாமல் உறுதி செய்யப்படுகிறது. தவிரவும், ஆறு பேர் தங்கும் அறையில் மேல் படுக்கையில் சாய்ந்தபடி போனில் பார்ப்பதும், இருட்டில் நூறு பேரோடு அமர்ந்து பார்ப்பதும் ஒன்றாகாது. நட்சத்திரப் படத்துக்கு மட்டும் தியேட்டர், உழைப்பாளியின் வாழ்க்கையைச் சொல்லும் படத்துக்கு ஐந்தங்குலத் திரை என்ற பாகுபாட்டை ஏன் ஏற்க வேண்டும்?

இதை ஒரு நிறுவனத்தின் குற்றமாகச் சுருக்குவதும் பிழை. 2008இல் சன் பிக்சர்ஸ் ‘காதலில் விழுந்தேன்’ மூலம் விநியோகத்துக்கு வந்தபோது, எல்லாம் ஒரே கையில் குவிகிறது என்று எழுந்த பேச்சும், ‘விக்ரம்’, ‘பொன்னியின் செல்வன்’ போன்ற பெரிய படங்களைத் தமிழ்நாட்டில் ரெட் ஜெயண்ட் வெளியிட்ட 2022இல் எழுந்த பேச்சும் ஒன்றுதான். நாளை வேறு பெயர் வரும். பெரிய படங்களின் வரத்து ஒரே வாசலில் குவியும்போது, அந்த வாசலில் நிற்பவர் நல்லவராகவே இருந்தாலும் மற்ற படங்கள் அவர் ஒதுக்கிய மிச்சத்தில்தான் வாழ வேண்டும். இது உலகம் அறியாத நோயும் அல்ல. ஒரு படம் வேண்டுமானால் இன்னொன்றையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டு வியாபாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இலேயே பாரமவுண்ட் வழக்கில் தடுத்தது. பிரான்சில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கு சி.என்.சி. என்ற பொது அமைப்புக்குப் போய், மாற்றுப் படங்களைத் திரையிடும் தியேட்டர்களுக்கு ஆதரவாகத் திரும்புகிறது. மகாராஷ்டிரத்தில் 2015 ஏப்ரலில் மல்டிபிளெக்ஸ்கள் மாலை நேரத்தில் மராத்திப் படம் போட வேண்டும் என்று அரசு சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் அதைப் பகல் 12 மணி முதல் இரவு 9 மணி வரை என்று தளர்த்தினார்கள். தளர்ந்த பிறகும், காட்சி நேரம் என்பது பொதுப் பிரச்சினை, அதில் அரசு பேசலாம் என்ற கொள்கை அங்கே நிலைத்தது. தமிழ்நாட்டில் சிறு முதலீட்டுப் படங்களுக்கு மானியம் உண்டு. படம் எடுக்கக் கைகொடுத்துவிட்டு அதைக் காட்ட ஒரு மாலை நேரம் வாங்கித் தராவிட்டால் அந்த மானியத்தால் யாருக்குப் பயன்?

ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வருகின்றன, அவற்றில் பல பார்க்கத் தகுதியற்றவை என்பது உண்மை. எல்லாவற்றுக்கும் மாலைக் காட்சி கொடுக்கச் சொல்வது அபத்தம். ஆனால் இப்போதைய சல்லடை தரத்தைச் சலிக்கவில்லை. மோசமான நட்சத்திரப் படம் அதில் தடையின்றி இறங்குகிறது, டைகர் விருது வாங்கிய படம் மேலேயே தங்கிவிடுகிறது. தேசிய விருது பெற்றவை, அங்கீகாரம் பெற்ற விழாக்களில் தேர்வானவை, அரசு மானியக் குழு தேர்ந்தெடுத்தவை என்று ஆண்டுக்கு ஒரு பன்னிரண்டு படங்களை எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர், படப்பை, வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஊருக்கொரு திரையில், மாலை 6.30 காட்சியில், ஏழு நாள் முழுதாக. வி.பி.எஃப். கட்டணத்தை அந்த ஏழு நாளுக்கு அரசோ தயாரிப்பாளர் சங்கமோ ஏற்கட்டும்; காலி இருக்கைக்கான இழப்பில் ஒரு பங்கை உள்ளாட்சி வரியில் தியேட்டருக்குக் கழித்துக் கொடுக்கட்டும். வல்லம் வடகால் விடுதியிலிருந்து ஓய்வு நாளில் ஒரு பஸ் விடச் சொல்லித் தொழிற்சாலைகளைக் கேட்கலாம். ஷிஃப்டுக்கு விடுகிற பஸ்தான். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை டிக்கெட் விற்றது என்பதை மறுநாள் காலையில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஓராண்டு இப்படி நடந்து, அந்த இருக்கைகள் அப்போதும் காலியாகவே கிடந்தால், ரசிகர் வேண்டாம் என்றார் என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்கிறேன்.